குத்தகைச் சூதும் கைப்பேசிச் சூதும்

வள்ளுவப் பெருந்தகை சூதைக் குறித்துத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். பொருட்பாலில் 94ஆவதாக அமைந்த அதற்கு முன்னே நிற்பது கள்ளுண்ணாமை. பின்னே நிற்பது மருந்து. அவ்வரிசையின் நயத்தை வகுப்பறையில் எடுத்துரைக்காத தமிழாசிரியர் இரார். ஆயினும் வள்ளுவர் பேசுவது ஆடுபவனைப் பற்றியே. ஆடப்படும் கருவியைப் பற்றி ஐயம் எழுப்பிய பழங்கதை வேறொன்றுண்டு. பாரதத்தின் ஆரணிய பருவத்தில் வரும் நளன் கதையில், கலி நளனைப் பற்றிக்கொள்ள, அவன் துணைவனாகிய துவாபரன் சூதுக்காய்க்குள்ளேயே புகுகிறான். காய் நேர்மையானதுதானா என்னும் வினா அன்றே பிறந்துவிட்டது.

அவ்வினாவைச் சில காலத்துக்கு முன் ஷா ஆலமில் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். தன் தந்தையின் கைப்பேசியை நீட்டி, "ஐயா, இந்தச் சூதாட்டச் செயலியை நச்சுநிரல் என்று காவல் மென்பொருள் தடுக்கிறது. அது பொய் எச்சரிக்கை, காவலை அணைத்துவிட்டு நிறுவுங்கள் என்று முகவர் எழுதியிருக்கிறார். எது உண்மை?" என்றான். எளிய வினாதான். ஆனால் அதற்கு விடை கூற நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் ஈயச் சுரங்கத் தொழிலாளரின் குடியிருப்பாகத் தோன்றிய கோலாலம்பூரில், கப்பித்தான் யாப் ஆ லோய் ஓங்கி நின்ற நாள்களில், சந்தையும் சூதாட்டக் கொட்டகையும் அடுத்தடுத்தே இருந்தன. இன்று மேடான் பசார் என வழங்கும் சதுக்கமே அவ்விடம். 1874இல் ஆங்கிலேய ரெசிடெண்டு ஆட்சி சிலாங்கூருக்கு வந்தபின் சூது ஒழியவில்லை, முறைப்படுத்தப்பட்டது. அபினி, மது, அடகு ஆகியவற்றைப் போலவே சூதும் குத்தகைக்கு விடப்பட்டது. மிகுந்த தொகை தர முன்வந்தவருக்கு உரிமை, அரசுக்கோ வருவாய். சிங்கப்பூரில் 1829இலேயே ஒழிக்கப்பட்ட இம்முறையை, அதே ஆங்கிலேயர் கூட்டு மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டின் இறுதி வரை கைவிட மனமின்றி வைத்திருந்தனர். ஒழுக்கம் பேசிய ஆட்சியாளருக்கு ஓரிடத்தில் பாவமாகப் பட்டது மற்றோரிடத்தில் வரவு செலவுத் திட்டத்தின் ஒரு வரியாகப் பட்டது போலும்.

அந்தக் குத்தகைச் சூதை நான் போற்றவில்லை. கூலியாளின் கூலி அதில் கரைந்தது. ஆயினும் அதன் இயல்பு ஒன்றை நோக்குதல் தகும். சீனர் பெரிதும் விரும்பிய ஃபான் டான் ஆட்டத்தில், ஒரு பிடி காசுகளைக் கிண்ணத்தால் மூடிவைப்பர். பந்தயம் கட்டிய பின் கிண்ணத்தை அகற்றி, குச்சியால் நான்கு நான்காகக் காசுகளை ஒதுக்குவர். இறுதியில் எஞ்சுவது ஒன்றா, இரண்டா, மூன்றா, நான்கா என்பதே ஆட்டம். எண்ணிக்கை எல்லார் கண்முன்னும் நடந்தது. குத்தகைதாரர் இன்னார் என்பது ஊரறிந்த செய்தி. ஏமாற்றம் இல்லாமலில்லை, ஏமாற்றியவனின் முகம் தெரிந்திருந்தது.

குத்தகை ஒழிந்தபின் சட்டம் சூதாட்ட இடத்தைத் தேடியது. 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட மனைகள் சட்டம் அதன் பெயராலேயே தன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது: மனை, கதவு, உள்ளே மேசை. காவலர் கதவை உடைத்துச் சென்று கருவிகளைக் கைப்பற்றலாம். உரிமம் பெற்ற சூதும் மறுபுறம் வளர்ந்தது. 1969இல் கெந்திங் மலைக்குச் சூதாட்ட உரிமம் கிடைத்தது. நான்கிலக்க எண் விற்கும் கடைகள் பட்டணந்தோறும் தோன்றின. அக்கதை நெடிது, ஈண்டு வேண்டுவதன்று.

ஷா ஆலமோ அக்காலத்தில் நகரமே அன்று. சுங்கை ரெங்கம் என்ற பெயருடன் ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்டப்புறம் அது. 1978இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று. தோட்டத்தில் கள்ளுக்கடைக்குப் போகிறவரை வழியில் எவரேனும் பார்த்துவிடுவர். செய்தி அவருக்கு முன்பே வீடு போய்ச் சேரும். அடுக்குமாடி வீட்டின் அறையில், போர்வைக்குள் கைப்பேசியைப் பிடித்திருப்பவரை யார் பார்ப்பது?

இனிக் கருவிக்கு வருவோம். கணினியில் சூதும் நச்சுநிரலும் முதலில் கைகோத்ததை எண்ணினால் நகைப்பும் அச்சமும் ஒருங்கே தோன்றும். 1991இல் மால்டாவில் 'கேசினோ' என்னும் நச்சுநிரல் கண்டறியப்பட்டது. ஜனவரி, ஏப்ரல், ஆகஸ்டு மாதங்களின் 15ஆம் நாளில் அது விழித்தெழும். வட்டில் எக்கோப்பு எங்குள்ளது எனக் குறிக்கும் அட்டவணையை நினைவகத்துக்கு எடுத்துக்கொண்டு, வட்டிலிருந்து அழித்துவிடும். பிறகு திரையில் ஜாக்பாட் பொறி ஒன்று தோன்றி ஐந்து வாய்ப்புகள் தரும். வென்றால் அட்டவணை மீளும்; தோற்றால் கோப்புகள் போயின. பாண்டவர் நாட்டைப் பணயம் வைத்தனர். இங்கே உடையவனின் இசைவு கேளாமலே அவன் உடைமை பணயமாக்கப்பட்டது.

1999இல் வேறொரு குறை வெளிப்பட்டது. பிளானட் போக்கர் என்னும் இணையச் சீட்டாட்டக் கூடத்தின் சீட்டுக் கலைக்கும் முறையை அமெரிக்க மென்பொருள் வல்லுநர் சிலர் ஆராய்ந்தனர். 52 சீட்டுகளை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 68 இலக்கங்கள் கொண்டது. அம்மென்பொருளோ நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிநொடிகளைக் கொண்டே கலைத்தது; ஒரு நாளில் அவை 8 கோடியே 64 லட்சம்தான். கடிகாரத்தை ஒத்துப்பார்த்துத் தேடலை இரண்டு லட்சம் அளவுக்குச் சுருக்கினர். கையிலுள்ள இரண்டும் மேசையிலுள்ள மூன்றுமாக ஐந்து சீட்டுகள் தெரிந்தால் போதும், எஞ்சியவை அனைத்தையும் கூறிவிடலாம் என மெய்ப்பித்தனர்.

2008இல் வெளிப்பட்ட அல்டிமேட்பெட் ஊழல் இதனினும் கொடியது. எதிராளியின் மறைசீட்டுகளைக் காணவல்ல தனிக் கணக்குகளைக் கொண்டு, கூடத்தைச் சார்ந்தோரே ஆண்டுக்கணக்கில் ஆடியிருந்தனர். துவாபரன் காய்க்குள் புகுந்ததற்கு இதனினும் நேரான சான்று வேண்டுமோ? 2015இல் ஈசெட் நிறுவனம் அறிவித்த ஒட்லனார் என்னும் நச்சுநிரலோ வேறு வழியில் வந்தது. சீட்டாடுவோருக்கு உதவும் கருவிபோல் வேடமிட்டு உட்புகுந்து, அவர்தம் திரையைப் படம்பிடித்து எதிராளிக்கு அனுப்பியது.

இந்நிகழ்ச்சிகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால் மாணவனின் வினா இரண்டாகப் பிரிவது புலனாகும். கருவி ஆடுபவனின் கைப்பேசிக்குத் தீங்கு செய்கிறதா என்பது ஒன்று. ஆட்டம் நேர்மையானதா என்பது மற்றொன்று. காவல் மென்பொருள் முதல் வினாவை மட்டுமே அறியும். அறியப்பட்ட தீய நிரல்களின் அடையாளத்தோடு அது ஒப்பிடுகிறது, நடத்தையையும் நோக்குகிறது. ஆட்டச் செயலிக்குக் குறுஞ்செய்தியைப் படிக்கும் உரிமை எதற்கு என ஐயுறுகிறது. வங்கியின் ஒருமுறைக் கடவெண் குறுஞ்செய்தியில் வருமாயின் அதன் பொருள் விளங்கும்.

முகவரின் கூற்றில் ஒரு சிறு உண்மையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. உரிமமற்ற சூதுச் செயலியைச் செய்வோர், பிறர் தம் நிரலைப் பிரித்துப் பாராதிருக்க அதைப் பொதிந்து மறைப்பர். நச்சுநிரல் செய்வோரும் அவ்வாறே மறைப்பர். ஆகவே தீங்கற்றதும் சில வேளை தீயதெனக் குறிக்கப்படலாம். ஆனால் அதிகாரப்பூர்வக் கடைக்கு வெளியே, முகவர் அனுப்பும் சுட்டியின் வழியே வரும் கோப்பில் எது மறைப்பு, எது நஞ்சு என ஆடுபவர் பிரித்தறிய வழியில்லை. முகவருக்கும் இல்லை, அவர் அதைச் செய்தவர் அல்லர், கடத்துபவரே. குற்றம் கண்டால் முறையிட உரிமம் வழங்கிய அலுவலகமும் இல்லை. மறுபுறம், காவல் மென்பொருள் வாய் திறவாதிருந்தால் ஆட்டம் நேர்மையானது என்றும் ஆகாது. அல்டிமேட்பெட் வஞ்சகம் நிறுவனத்தின் கணினியில் நடந்தது. ஆடியவர் தம் கணினியில் எத்தனை காவல் வைத்திருந்தும் அது ஒலி எழுப்பியிராது.

இவ்வளவையும் அம்மாணவனிடம் ஒரு மாலைப்பொழுதில் கூறினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னது ஒன்றே: "அப்பா அந்த முகவரைத்தான் ஐயா நம்புகிறார், அவர் எங்கள் தோட்டத்து ஆள்." அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

மறுவாரம் மீண்டும் வந்தான். தந்தை அச்செயலியை நீக்கிவிட்டாராம். ஆயினும் முகவர் வேறொரு சுட்டியை அனுப்பியிருந்தார். கோப்பின் பெயர் மட்டும் மாறியிருந்தது. காவலை முதலில் அணைக்குமாறு கூறும் வரி மாறவில்லை.