மலைச்சாலையில் ஒரு மின்சாரப் பரம்பரை

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவியதும், தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் மலேசியாவின் கேமரன் மலைச்சரிவுகள் பசுமை பூண்டதும் பலரும் அறிந்த சரித்திரம்; அம்மலைவாழ்வைத் தாங்கிய வாகனத்தின் சரித்திரமோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமான லேண்ட்ரோவர், கியா பார்ம் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களில் முட்டைக்கோஸ் கூடைகளைச் சுமந்துகொண்டு இன்றும் ஜீவனோடு உலவுவது எனக்குப் பெருமகிழ்ச்சி தருவது.

பழைய வண்டிகளில் இருந்த லூகாஸ் டைனமோ, எஞ்சின் மெதுவாக ஓடும்போது போதிய மின்சாரம் தராது. மூடுபனியில் விளக்கும், மழையில் வைப்பரும் ஒருசேர இயங்கவேண்டிய மலைச்சாலையில் இது பெருங்குறை. 1971-இல் வந்த மூன்றாம் வரிசை வண்டி இக்குறையைத் தீர்க்கும் ஆல்டர்னேட்டரோடு பிறந்தது. மூத்த வண்டிகளுக்கோ அதைப் பட்டறையில்தான் பூட்டவேண்டும்.

அங்கேதான் நிதானம் அவசியம். 1960-களின் நடுப்பகுதிவரை வந்த வண்டிகளில் பாட்டரியின் பாசிட்டிவ் முனையே உடற்சட்டத்தோடு இணைந்திருந்தது. அதை மாற்றாமல் சாதாரண ஆல்டர்னேட்டரைப் பொருத்தினால் அதனுள்ளிருக்கும் டையோடுகள் க்ஷணத்தில் கருகும். ஆகவே முதலில் நெகட்டிவ் முனையை உடற்சட்டத்தோடு இணைப்பர். பின்னர், பழைய ரெகுலேட்டர் பெட்டியை விலக்கி, தடித்த கம்பியொன்றைப் பாட்டரிக்கும், மெல்லிய கம்பியொன்றை டாஷ்போர்டின் சிவப்பு விளக்குக்கும் கொண்டுசெல்வர். அவ்விளக்கின் வழியே பாயும் சிறு மின்னோட்டமே ஆல்டர்னேட்டரை முதலில் எழுப்புவதாதலின், பல்பு கருகிய வண்டியில் புதிய ஆல்டர்னேட்டரும் உறங்கிக் கிடக்கலாம். கைதேர்ந்த மெக்கானிக் முதலில் சோதிப்பதும் அந்தப் பல்பைத்தான்.