குரலும் முகமும் சாட்சியாகுமா? செயற்கை நுண்ணறிவின் தீய பயன்பாடும் தற்காப்பும்

“வாப்பா, நான்தான் பேசுறேன். ஒரு சிக்கல்ல மாட்டிக்கிட்டேன். உடனே பணம் அனுப்புங்க.”

மகனின் குரலில் இப்படி ஓர் அழைப்பு வந்தால் நம்மில் எத்தனை பேர் சந்தேகப்படுவோம்? பெற்ற பிள்ளையின் குரல் நமக்குத் தெரியாதா என்றுதான் நினைப்போம். அந்த நம்பிக்கையே இன்று மோசடிக்காரர்களின் முதலீடாகிவிட்டது.

முன்பே வந்த எச்சரிக்கை

2018 பிப்ரவரியில் ‘செயற்கை நுண்ணறிவின் தீய பயன்பாடு’ என்ற பொருளில் ஓர் ஆய்வறிக்கை வெளியானது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் உட்பட 14 நிறுவனங்களைச் சேர்ந்த 26 பேர் சேர்ந்து எழுதியது. வரவிருக்கும் ஆபத்துகளை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள்.

1. கணினிப் பாதுகாப்பு: ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி தயாரிக்கப்படும் ஏமாற்று மின்னஞ்சல்கள், தானாக நடக்கும் ஊடுருவல்கள்.

2. உடல், உடைமைப் பாதுகாப்பு: ட்ரோன் போன்ற தானியங்கிக் கருவிகளை ஆயுதமாக்குதல்.

3. அரசியல் பாதுகாப்பு: போலிக் காணொளிகள், பொய்ப் பிரச்சாரம், மக்களைக் கண்காணித்தல்.

ஒரே தொழில்நுட்பம் நன்மைக்கும் தீமைக்கும் பயன்படும் என்பதை ஆய்வாளர்கள் மறக்கக் கூடாது. அரசுகள் அவர்களோடு சேர்ந்து செயல்பட வேண்டும் என்று அறிக்கை பரிந்துரைத்தது. முன்பு ஓர் ஆளை ஏமாற்றத் தேவைப்பட்ட உழைப்பில் இனி ஆயிரம் பேரை ஏமாற்ற முடியும் என்பதே அதன் கவலை.

எச்சரிக்கை பலித்தது

2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘வால்-ஈ’ ஆய்வில், மூன்று விநாடிக் குரல் பதிவே அதே குரலில் வேறு பேச்சை உருவாக்கப் போதுமானதாக இருந்தது. நாம் அனுப்பும் ஒரு சிறிய வாட்ஸ்அப் குரல் செய்தியே அதைவிட நீளமானது.

2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநில வாக்காளர்களுக்கு, அன்றைய அதிபர் ஜோ பைடனின் போலிக் குரலில் அழைப்புகள் போயின. கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் வாக்களிக்க வேண்டாம் என்றது அந்தக் குரல். அடுத்த மாதமே, தானியங்கி அழைப்புகளில் இத்தகைய செயற்கைக் குரல்கள் சட்டவிரோதம் என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் அறிவித்தது.

அதே ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்த ஹாங்காங் சம்பவம் நமக்குப் பெரிய பாடம். அரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் நிதிப் பிரிவு ஊழியருக்கு, ரகசியமாகப் பணம் அனுப்ப வேண்டும் என்று ஒரு செய்தி வந்தது. அவர் முதலில் சந்தேகப்பட்டார். பின்னர் காணொளி அழைப்பில் நிதித் தலைமை அதிகாரியையும் சக ஊழியர்களையும் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. 15 தவணைகளில் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர் போய்விட்டது. அழைப்பில் இருந்த மற்ற எல்லோரும் போலி என்பது, தலைமை அலுவலகத்தில் விசாரித்த பிறகே தெரிந்தது. அந்த விசாரணை முதலிலேயே நடந்திருந்தால் ஒரு காசும் போயிருக்காது.

நாம் செய்ய வேண்டியவை

• பணம் கேட்டு அவசர அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, நம்மிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் நாமே திரும்ப அழைக்க வேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இது மிக அவசியம்.

• குடும்பத்தாருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லை வைத்துக்கொள்ளலாம். அதை எந்தக் குழுவிலும் எழுதக் கூடாது.

• “யாரிடமும் சொல்லாதே”, “இப்போதே அனுப்பு” என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் அதை மோசடியின் அடையாளமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

• பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

• நம் வீட்டுப் பெண் பிள்ளையின் முகத்தை ஒட்டி ஆபாசப் படம் உருவாக்கி யாரேனும் மிரட்டினால், முதலில் அவளைத் திட்டுவதை நிறுத்துவோம். மிரட்டுபவன் நம்பியிருப்பது நம் வீட்டாரின் மௌனத்தைத்தான். மத்திய அரசின் இணையக் குற்றப் புகார் தளத்தில், பெண்கள், குழந்தைகள் மீதான இத்தகைய குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம்.

இன்றிரவு சாப்பிட உட்காரும்போது இதை வீட்டில் பேசுங்கள். தனியாக இருக்கும் வாப்பும்மாவுக்கும் மறக்காமல் சொல்லுங்கள்.