தீப்பொறிச் செருகி

தீப்பொறிச் செருகி அல்லது ஸ்பார்க் பிளக் என்பது பெட்ரோல் எந்திரத்தின் உருளைக்குள் உள்ள காற்று, எரிபொருள் கலவையை மின்பொறியால் பற்றவைக்கும் கருவி ஆகும். டீசல் எந்திரத்தில் அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைப்பதால் இது தேவையில்லை.

அமைப்பு

பீங்கான் காப்பின் நடுவே செல்லும் மைய மின்முனையும், மரையுள்ள உலோகக் கூட்டுடன் இணைந்த பக்க மின்முனையும் இதன் முக்கிய உறுப்புகள் ஆகும். இவற்றின் இடைவெளியில் உயர் மின்னழுத்தத்தால் தீப்பொறி எழுகிறது. கார்களில் இவ்விடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை இருக்கும். பொதுவாக உருளைக்கு ஒரு செருகி அமையும். 1983 முதல் 2014 வரை உற்பத்தியான மாருதி 800 காரில் மூன்று உருளைகளும் மூன்று செருகிகளும் இருந்தன. நான்கு வீச்சு எந்திரம் நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுழலும்போது ஒவ்வொரு செருகியும் வினாடிக்கு 25 முறை தீப்பொறி எழுப்புகிறது.

ஆய்வு

கழற்றிய செருகியின் முனை எந்திரத்தின் நிலையைக் காட்டும்.

* இளம்பழுப்பு அல்லது சாம்பல் நிறம்: இயல்பான எரிதல்.
* உலர்ந்த கரும்புகைப் படிவு: கலவையில் எரிபொருள் மிகுதி.
* எண்ணெய்ப் பிசுக்கு: உருளைக்குள் எண்ணெய்க் கசிவு.
* வெளுத்து, கொப்புளித்த முனை: மிகை வெப்பம்.

கடைசி மூன்று நிலைகளில் செருகியை மட்டும் மாற்றினால் போதாது. காரணத்தையும் சரிசெய்ய வேண்டும்.

மாற்றும் முறை

உருளைத்தலை பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. சூடாக இருக்கும்போது கழற்றினால் அதன் மரை சிதையக்கூடும். எனவே எந்திரம் ஆறிய பின்னரே கழற்ற வேண்டும். முதலில் சுற்றியுள்ள தூசியை அகற்ற வேண்டும். கம்பிகள் இடம் மாறாதிருக்க ஒவ்வொரு செருகியாக மாற்றுவது நல்லது. புதிய செருகியை முதலில் கையால் திருகிப் பொருத்தி, பின்னர் வண்டியின் கையேட்டில் குறித்துள்ள அளவுக்கு ஸ்பேனரால் இறுக்க வேண்டும். சாதாரண நிக்கல் முனைச் செருகிகளைவிட இரிடியம், பிளாட்டினம் முனைச் செருகிகள் நீண்ட காலம் உழைக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள்

2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையால் கடலூர், சிதம்பரம் உள்ளிட்ட கடலூர் மாவட்டப் பகுதிகள் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டன. இத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய காரை இயக்க முயல்வது பெருஞ்சேதம் விளைவிக்கும். காற்றைப் போல நீர் அழுத்தத்தால் சுருங்குவதில்லை. ஆகையால் உருளைக்குள் நீர் இருக்கும்போது எந்திரத்தைச் சுழற்றினால் இணைப்புத் தண்டு வளையவோ உடையவோ கூடும். மின்கல இணைப்பைத் துண்டித்து, எல்லாச் செருகிகளையும் கழற்றிய பின் எந்திரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினால், செருகித் துளைகள் வழியே நீர் வெளியேறும். எந்திர எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது என்று பொருள். எண்ணெயை மாற்றாமல் எந்திரத்தை இயக்கக்கூடாது.