அடைபட்ட கால்வாய், வளர்ந்த மதிப்பீடு: டி.டி.கே.யும் நாடாளுமன்றக் கேள்விகளும் (1956–1965)

1956 ஆகஸ்டு இறுதியில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி (டி.டி.கே.) இந்தியாவின் நிதியமைச்சர் ஆனார். பம்பாய் மாநிலப் பிரிவினைச் சிக்கலில் நேருவோடு முரண்பட்டு சி.டி. தேஷ்முக் விலகியதால் காலியான இடம் அது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கி ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. அவர் பொறுப்பேற்ற இரண்டே மாதங்களில் எகிப்தில் போர் மூண்டு சூயஸ் கால்வாய் அடைபட்டது. திட்டச் செலவுகள் ஏன் ஏறுகின்றன, அந்நியச் செலாவணி ஏன் கரைகிறது என்ற இரு கேள்விகளும் அவர் பதவியில் இருந்த ஒன்றரை ஆண்டும் அவையில் ஓயவில்லை.

இந்த இரண்டையும் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் தனித்தனியாகவே பேசுகிறார்கள். செலவுக் கேள்வி திட்டமிடல் வரலாற்றுக்கும், செலாவணிக் கேள்வி ரிசர்வ் வங்கி வரலாற்றுக்கும் போய்விடுகிறது. இரண்டும் ஒரே கேள்விதான் என்பதும், அதைக் கேட்கத் தக்க கருவி அன்றைய நாடாளுமன்றத்திடம் இல்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம். கேள்வி நேரம் ஒரு பரிவர்த்தனையைப் பிடிக்க வல்லது. ஒரு மதிப்பீட்டைப் பிடிக்க அதனால் ஆகாது. இந்தக் குறை நீங்கப் பத்தாண்டு ஆயிற்று.

மதிப்பீடு பொய்ப்பது 1956இல் புதிதல்ல. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு 1945இல் போட்ட கணக்கு 55 கோடி ரூபாய். சில ஆண்டுகளுக்குள் அந்தக் கணக்கு நிலைகுலைந்து, 1950களின் தொடக்கத்தில் விசாரணைக் குழு அமைக்கும் நிலை வந்தது. ஒடிசாவின் ஹிராகுட் அணைக்கு 1947இல் சுமார் 48 கோடி ரூபாய் என்றார்கள். 1957 ஜனவரியில் நேரு அதைத் திறந்துவைத்தபோது செலவு 100 கோடியை ஒட்டியிருந்தது. 1950இல் நாடாளுமன்றத்தில் மதிப்பீட்டுக் குழு உருவானதற்கும், அதன் முதல் தலைவராக அனந்தசயனம் அய்யங்கார் அமர்ந்ததற்கும் பின்னணி இத்தகைய கவலைகள்தாம். ஆனால் அணையின் செலவில் பெரும்பகுதி மண்ணும் சிமெண்டும் கூலியும். கணக்கு இருமடங்கானாலும் ரூபாயில்தான் இருமடங்காகும். வரி போட்டோ, கடன் வாங்கியோ, நோட்டு அடித்தோ சமாளித்துவிடலாம்.

உருக்காலையின் கதை வேறு. இரண்டாம் திட்ட ஆவணம் ரூர்கேலாவுக்கு 128 கோடி, பிலாய்க்கு 110 கோடி, துர்காப்பூருக்கு 115 கோடி என்று எழுதியது. முதலாவது மேற்கு ஜெர்மனியின் உதவியில், இரண்டாவது சோவியத் உதவியில், மூன்றாவது பிரிட்டிஷ் நிறுவனங்களின் கூட்டமைப்பால் கட்டப்பட இருந்தன. ஊதுலையும் உருட்டாலையும் மார்க்கிலோ ஸ்டெர்லிங்கிலோ விலை பேசப்பட்டவை. பிலாயின் இயந்திரங்கள் சோவியத் கடனில் வந்தவை. ஆலைக்குப் பக்கத்தில் எழ வேண்டிய நகரியம், இரும்புத் தாதுச் சுரங்கம், நிலக்கரி கழுவும் ஆலை, இணைப்பு ரயில் பாதை ஆகியவை முதல் கணக்கில் முழுமையாக ஏறவில்லை. அவையும் சேர்ந்தபோது மூன்றின் மொத்தச் செலவு 500 கோடியைத் தாண்டியது. அணைக்கும் உருக்காலைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அவையில் கேட்டவர்களும் பதில் சொன்னவர்களும் போதிய அளவு உணரவில்லை என்றே நான் கருதுகிறேன். உருக்காலை மதிப்பீட்டில் விழும் ஓட்டை நேராகச் செலாவணிக் கையிருப்பில் போய் விழும்.

அந்தக் கையிருப்பைத் திட்டக்காரர்கள் கருதியிருந்த விதமே அலாதியானது. பொதுத்துறைக்கு மட்டும் 4,800 கோடி ரூபாய்த் திட்டம். அதில் 1,200 கோடி பற்றாக்குறை நிதி, 800 கோடி வெளிநாட்டு உதவி. எங்கிருந்து வரும் என்றே சொல்லாமல் விட்ட இடைவெளி 400 கோடி. போர்க்காலத்தில் லண்டனில் சேர்ந்த ஸ்டெர்லிங் இருப்பிலிருந்து ஐந்து ஆண்டுகளில் 200 கோடி எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. முதல் ஆண்டிலேயே 200 கோடிக்கு மேல் போய்விட்டது.

டி.டி.கே. இதில் வெறும் காசாளர் அல்லர். 1952 முதல் வணிகம், தொழில் அமைச்சர். இறக்குமதி லைசென்ஸ்கள் தாராளமாக வழங்கப்பட்டது அவர் காலத்தில். 1955 முதல் இரும்பு, உருக்குத் துறையையும் கவனித்தவர். மூன்று ஆலைகளும் உருப்பெற்றதில் அவர் கை உண்டு. பிறகு நிதியமைச்சர் நாற்காலியில் அமர்ந்தபோது அவர் மேசைக்கு வந்து சேர்ந்த பில்களில் பல, அவரே முந்தைய அறையில் இருந்து அனுமதித்தவை. லைசென்ஸ் கொடுப்பதற்கும் சரக்கு துறைமுகம் சேர்ந்து பணம் கட்டுவதற்கும் இடையே பல மாதங்கள் ஓடும். 1955இல் வழங்கிய லைசென்ஸ் 1956 கடைசியில் செலாவணியைக் கேட்கும். இந்தக் கால இடைவெளியைக் கணக்கில் கொண்டு கட்டுப்படுத்தும் ஏற்பாடு எந்த அமைச்சகத்திலும் சரிவர இல்லை. சென்னையில் 1928இலேயே விநியோக ஏஜென்சித் தொழில் தொடங்கி, சரக்கு, கப்பல், தவணை என்று பழகிய வணிகர் அவர். அவருக்கே இது பிடிபடத் தாமதமானது ஆச்சரியந்தான்.

இனி சூயஸ். 1956 ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அக்டோபர் இறுதியில் இஸ்ரேலும், அதையடுத்து பிரிட்டனும் பிரான்ஸும் தாக்கின. எகிப்து கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்தது. லண்டனிலிருந்து பம்பாய்க்குக் கால்வாய் வழியே சுமார் 11,600 கிலோமீட்டர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் சுமார் 19,800. ஒவ்வொரு கப்பலும் கூடுதல் நாட்கள் கடலில் கிடந்தால் அதே எண்ணிக்கைக் கப்பல்கள் ஆண்டுக்குச் சுமக்கும் சரக்கு குறைகிறது, கட்டணம் ஏறுகிறது. இந்தியக் கொடியுடன் ஓடிய கப்பல்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 5 லட்சம் டன் அளவே. ஆகவே ஏறிய கட்டணத்தில் பெரும்பகுதி அந்நியக் கப்பல் கம்பெனிகளுக்கு, அந்நிய நாணயத்தில் போனது. ஐரோப்பாவுக்குப் போகும் தேயிலையும் சணலும் தாமதமாயின. ஐரோப்பாவிலிருந்து வரும் இயந்திரங்களும் தாமதமாயின. தாமதமான இயந்திரத்துக்காகக் காத்திருக்கும் கட்டுமானத் தளத்தில் கூலியும் வட்டியும் மட்டும் தாமதமாவதில்லை.

இவ்வளவும் உண்மை. செலாவணிச் சரிவுக்குச் சூயஸை ஒரு காரணமாகச் சொன்னதில் பிழையில்லை. ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையிருப்பு கரையத் தொடங்கியது 1956 ஏப்ரலில். அப்போது கால்வாய் திறந்தே இருந்தது. அடைப்பு 1957 ஏப்ரலில் நீங்கியது. அடுத்த நிதியாண்டில் கால்வாய் முழுக்கத் திறந்திருந்தும் கையிருப்பு முந்தைய ஆண்டுக்குக் குறையாத வேகத்தில் சரிந்தது. ஆறு மாதம்கூட நீடிக்காத ஓர் அடைப்பு இரண்டாண்டுச் சரிவை விளக்காது. உணவு தானிய இறக்குமதியும் தனியார் துறையின் இயந்திர இறக்குமதியும் உருக்காலைகளும் ரயில்வேயும் ஒன்றாகச் சேர்ந்து இழுத்தன. வெளியே இருந்த காரணம் கண்ணுக்குத் தெரிந்தது, நாளிதழில் படமாக வந்தது. உள்ளே இருந்த காரணம் கோப்புகளில் கிடந்தது.

அரசின் உண்மையான மதிப்பீடு என்ன என்பதை அது எடுத்த நடவடிக்கைகளே காட்டுகின்றன. 1956 அக்டோபரில், அதாவது கால்வாய் அடைபடும் முன்பே, ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை வெளியிட்ட நோட்டுகளின் மதிப்பில் ஐந்தில் இரண்டு பங்கு தங்கமாகவும் ஸ்டெர்லிங் பத்திரங்களாகவும் இருக்க வேண்டும். அந்த விகிதம் நீக்கப்பட்டு, 400 கோடிக்கு அந்நியப் பத்திரங்கள், 115 கோடிக்குத் தங்கம் என்ற குறைந்தபட்ச அளவு வந்தது. தங்கத்தின் கணக்கு விலை தோலாவுக்கு 21 ரூபாய் 24 காசிலிருந்து 62 ரூபாய் 50 காசாக உயர்த்தப்பட்டது. பெட்டகத்தில் ஒரு குன்றிமணி கூடாமல் 40 கோடித் தங்கம் சுமார் 118 கோடித் தங்கமாயிற்று. ஓராண்டில் அதுவும் போதவில்லை. 1957 அக்டோபர் இறுதியில் அவசரச் சட்டம் மூலம் மொத்தக் குறைந்தபட்ச அளவே 200 கோடியாக்கப்பட்டது. இதற்கிடையில் பன்னாட்டு நிதியத்திடம் 20 கோடி டாலர் ஏற்பாடு செய்யப்பட்டு 1957 நடுப்பகுதிக்குள் முழுவதும் எடுக்கப்பட்டது. 1956 நவம்பர் 30 அன்று மூலதன ஆதாய வரி மீண்டும் வந்தது. 1957 மே 15 வரவு செலவுத் திட்டத்தில் சொத்து வரியும், பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோரின் யோசனைப்படி செலவின வரியும் வந்தன. இறக்குமதி லைசென்ஸ் முறை இறுக்கப்பட்டது. திட்டத்தின் ‘மையப் பகுதி’ என்ற ஒன்று வரையறுக்கப்பட்டது: உருக்கு, நிலக்கரி, ரயில்வே, துறைமுகம், இவற்றோடு சேர்ந்த மின்சாரம். மற்றவை காத்திருக்க வேண்டியவை.

இந்த வரையறைதான் மதிப்பீடு எழுதும் முறையை மாற்றியது. அதற்குமுன் ஒரு திட்டத்தின் செலவு என்பது ஒரே ஒரு ரூபாய்த் தொகை. அதன்பின் ஒவ்வொரு திட்டத்துக்கும் அந்நியச் செலாவணி எவ்வளவு, எந்த நாட்டு நாணயத்தில், எந்தத் தவணையில் என்ற கேள்விகள் தனியே எழுந்தன. நிதியமைச்சகத்தின் கை எல்லா அமைச்சகங்களிலும் நுழைந்தது அந்த வழியாகத்தான்.

நெய்வேலியில் இது தெளிவாகத் தெரியும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தலைகாட்டிய பழுப்பு நிலக்கரிக்கு, 1956இல்தான் அரசு நிறுவனம் பதிவாயிற்று; 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அங்கே சிக்கல் நிலக்கரிப் படுகைக்கு அடியில் மேல்நோக்கி அழுத்தும் நிலத்தடி நீர். இரவு பகலாகப் பம்புகள் ஓடி அழுத்தத்தைக் குறைத்தால்தான் படுகையைத் தொடலாம். எவ்வளவு நீர், எத்தனை பம்பு என்பதைத் தோண்டிப் பார்க்காமல் துல்லியமாகச் சொல்ல முடியாது. மண் அள்ளும் ராட்சத இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும். அனல் மின் நிலையத்துக்கான செலாவணி 1957 நவம்பரில் கையெழுத்தான 50 கோடி ரூபிள் சோவியத் கடனில் இடம்பெற்றது. ஒரே தளத்தில் ரூபாய், மார்க், ரூபிள் என மூன்று நாணயங்கள். முதல் நிலக்கரி 1961இல் கிடைத்தது. 1962இல் மின்சாரம் வந்தது.

டி.டி.கே.யைக் கவிழ்த்தது இவற்றில் எதுவுமில்லை. 1957 செப்டம்பரில் மக்களவை உறுப்பினர் ராம் சுபக் சிங் ஒரு கேள்வி கேட்டார்: அரசின் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் பணம் போட்டதா? துணைக்கேள்விகள் தொடர்ந்தன. டிசம்பரில் பெரோஸ் காந்தி ஆவணங்களோடு பேசினார். தொகை சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய். ஒரு தேதி, ஆறு நிறுவனங்கள், வாங்கிய விலை, சந்தை விலை, அனுமதித்தது யார்: இவ்வளவுதான் விஷயம், அதனால்தான் பிடி கிடைத்தது. நீதிபதி சாக்ளாவின் விசாரணை பம்பாயில் மக்கள் முன்னிலையில் நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் விலகினார். அம்மாத இறுதியில் வரவு செலவுத் திட்டத்தை நேருவே படித்தார். அதே காலத்தில் நூறு கோடிக் கணக்கில் வளர்ந்த மதிப்பீடுகளுக்காக ஒருவரும் பதவி இழக்கவில்லை. இழந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மதிப்பீட்டுக்கு ஒரு தேதியும் ஒரு கையெழுத்தும் கிடையாது. பொறியாளர், ஆலோசகர், அமைச்சகம், திட்டக்குழு என்று அது பல கைகளில் வளர்கிறது. அமைச்சர் ‘திருத்திய மதிப்பீடு பரிசீலனையில் உள்ளது’ என்றால், கேட்டவருக்கு மேலே கேட்க ஒன்றுமில்லை.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ரூர்கேலாவுக்கான தவணைகளை ஜெர்மனி மூன்றாண்டு ஒத்திவைத்தது. 1958 மே மாதம் 4,800 கோடித் திட்டம் நடைமுறையில் 4,500 கோடியாகச் சுருங்கியது. ஆகஸ்டில் உலக வங்கி கூட்டிய நாடுகள் வாஷிங்டனில் கூடின. இந்திய உதவிக் கூட்டமைப்பு அங்கே பிறந்தது. இனி மதிப்பீடுகளை நாடாளுமன்றத்துக்கு முன்பாக வெளிநாட்டார் பார்ப்பார்கள் என்ற நிலையும் அங்கேதான் பிறந்தது. 1959இல் வி.கே. கிருஷ்ண மேனன் தலைமையிலான காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சிக் குழு, பொதுத்துறை நிறுவனங்களை ஆராயத் தனி நாடாளுமன்றக் குழு வேண்டும் என்றது. அது 1964 மே முதல் நாள்தான் அமைந்தது.

அதற்குள் டி.டி.கே. மீண்டும் நிதியமைச்சராகியிருந்தார். அவரது இரண்டாம் பதவிக்காலத்தில், 1965இல், பொதுத்துறை நிறுவனங்களின் செலவையும் செயல்திறனையும் தொடர்ந்து கவனிக்கும் பணியகம் நிதியமைச்சகத்திலேயே நிறுவப்பட்டது. முதல் பதவிக்காலத்தில் அவர் கையில் இல்லாத கருவி அது. அதன் பயனைப் பார்க்க அவர் பதவியில் இல்லை. 1965 டிசம்பர் 31 அன்று இரண்டாம் முறையும் விலகினார். 1967இல் சூயஸ் மறுபடியும் அடைபட்டது, இம்முறை எட்டாண்டுகளுக்கு.