யந்திரத்துக்கு உபதேசித்த நிபுணர்கள்

1970களின் இறுதியில், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், தன் வாக்ஸ் கம்ப்யூட்டர்களை வாடிக்கைக்காரரின் தேவைக்கேற்பப் பாகம் பாகமாகச் சேர்த்து விற்றுவந்தபோது, ஒரு கேபிள் விடுபட்டாலும் யந்திரம் இயங்காதாகையால், ஆர்டர்களைச் சரிபார்ப்பதே நிபுணர்களுக்குப் பெரும் சிரமமாயிற்று. கார்னகி மெலன் சர்வகலாசாலையின் ஜான் மெக்டெர்மட், அந்நிபுணர்களின் அனுபவ ஞானத்தை, ‘இன்னது இருந்தால் இன்னது செய்க’ என்னும் விதிகளாக்கி அமைத்த எக்ஸ்கான் என்னும் செயற்கை நுண்ணறிவுப் புரோகிராம், 1980 முதல் அக்காரியத்தை ஏற்று, 1986க்குள் சுமார் 80,000 ஆர்டர்களைப் பரிசீலித்தது. ஆயினும், புதிய பாகங்கள் வரவர ஆயிரக்கணக்கில் பெருகிய விதிகளைத் திருத்திப் பராமரிக்க மனிதர்களே நிரந்தரமாக வேண்டியிருந்தனர்.

செயற்கை நுண்ணறிவைத் தொழிலில் புகுத்த விரும்புவோர் இச்சரித்திரத்தை அவசியம் அறிய வேண்டும்: எல்லை வகுத்த காரியத்தில் யந்திரம் மகத்தான சகாயம், அதற்கு அறிவூட்டும் மனிதரை விலக்கினால் அச்சகாயமும் நிலைக்காது.