குப்புறக் கிடத்தச் சொன்ன மருத்துவம்: திடீர்ச் சிசு மரண ஆய்வின் வரலாறு

நோய்நொடி ஏதுமின்றிப் பால் குடித்துவிட்டு உறங்கிய கைக்குழந்தை விடியும்போது உயிரோடில்லை. பிரேதப் பரிசோதனை செய்கிறார்கள், குழந்தை கிடந்த இடத்தை ஆராய்கிறார்கள், தாயின் பேறுகால விவரங்களைக் கேட்கிறார்கள், காரணம் பிடிபடுவதில்லை. ஒரு வயதுக்குள் நேரும் இத்தகைய சாவே திடீர்ச் சிசு மரணம். 1969இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கூடிய மாநாட்டில் மருத்துவர் புரூஸ் பெக்வித் முன்வைத்த வரையறையே இதற்கு மருத்துவத்தில் தனி இடம் பெற்றுத் தந்தது. காரணம் முழுதாக விளங்குவதற்கு முன்பே இந்தச் சாவுகளைப் பாதிக்கும் கீழே குறைக்க முடிந்தது என்பதும், அதற்கான சான்று கையில் இருந்தும் மருத்துவ உலகம் இருபது ஆண்டுகள் அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பழங்காலத்தில் பழி தாயின் மேல் விழுந்தது. உறக்கத்தில் புரண்டு குழந்தையை நசுக்கிவிட்டாள் என்ற விளக்கம் விவிலியத்தின் சாலொமோன் கதையிலேயே இருக்கிறது. 1892இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரக் காவல்துறை மருத்துவர் சார்லஸ் டெம்பிள்மன் 258 சிசு மரணங்களைத் தொகுத்தார். அவை சனிக்கிழமை இரவுகளில் மிகுந்திருப்பதைக் கண்டு, தாய்மாரின் குடி, அறியாமை, நெருக்கடியான குடியிருப்பு ஆகியவற்றைக் காரணம் காட்டினார். ஏழை வீட்டுப் படுக்கையில் ஆபத்து உண்டு என்ற அவரது கவனிப்பில் உண்மை இருந்தது. ஆனால் அது குற்றச்சாட்டின் வடிவத்திலேயே வந்தது.

வியன்னா நகரின் மருத்துவர் பால்டவுஃப் 1889இல் வேறொரு காரணத்தைச் சொன்னார்: மார்பெலும்பின் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி இக்குழந்தைகளுக்குப் பெருத்திருக்கிறது. இந்தப் பிழை உருவான விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அன்றைய உடற்கூறு அறிவு பெரும்பாலும் ஏழைகளின் சடலங்களிலிருந்து கிடைத்தது. பட்டினியும் நீண்ட நோயும் தைமஸைச் சுருக்கிவிடும். சுருங்கிப்போன சுரப்பியையே இயல்பான அளவு என்று பழகிய கண்களுக்கு, ஆரோக்கியமாக இருந்து திடீரென இறந்த குழந்தையின் சுரப்பி பெரிதாகத் தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் எத்தனையோ குழந்தைகளின் மார்பில் எக்ஸ்-கதிர் பாய்ச்சி அந்தச் சுரப்பியைச் சுருக்கினார்கள். பிரிட்டிஷ் ஆய்வுக்குழு ஒன்று 1931இல் இக்கொள்கையை நிராகரித்தது. இருந்தும் சிகிச்சை உடனே நின்றுவிடவில்லை. கதிர்வீச்சுக்கு ஆளானவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் வருவது 1950இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. இல்லாத நோய்க்குத் தந்த மருந்து உண்மையான நோயைக் கொடுத்தது.

அடுத்த பிழையின் விலை இதைவிடப் பெரிது. 1944இல் நியூயார்க்கின் ஹரால்ட் ஆப்ராம்சன், மூச்சடைத்து இறந்ததாகப் பதிவான சிசுக்களில் பெரும்பாலோர் குப்புறக் கிடந்ததைச் சுட்டிக்காட்டினார். அது பரவலாக எடுபடவில்லை. மாறாக, மல்லாந்து கிடந்தால் கக்கிய பால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்ற அச்சம் வலுத்தது. பெஞ்சமின் ஸ்பாக்கின் புகழ்பெற்ற குழந்தை வளர்ப்பு நூல் 1950களின் பிற்பகுதிப் பதிப்புகளிலிருந்து குப்புறப் படுக்க வைக்கச் சொன்னது. குறைமாதக் குழந்தைகள் குப்புறக் கிடக்கையில் எளிதாக மூச்சுவிட்டதும் இதற்கு வலுச்சேர்த்தது. மருத்துவமனைக் கண்காணிப்பில் சரியாக இருந்த ஒன்றை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உடற்கூறு சொல்வதோ நேர்மாறு. மல்லாந்து கிடக்கும் குழந்தைக்கு மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைகின்றன. கக்கிய பால் மேலேறித்தான் மூச்சுக்குழலை அடைய வேண்டும்.

ரூத் கில்பர்ட் குழுவினர் 2005இல் பழைய ஆய்வுகளை ஒருசேர அலசினர். குப்புறக் கிடத்துவது தீங்கு என்பதற்கான சான்று 1970 அளவிலேயே திரண்டிருந்தது. அப்போதே தொகுத்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் 10,000க்கு மேற்பட்ட, ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் குறைந்தது 50,000 மரணங்களைத் தடுத்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. இந்தத் துறை வரலாற்றில் இதைவிட என்னைக் கலங்கவைக்கும் எண் வேறில்லை.

திருப்பம் பல இடங்களிலிருந்து வந்தது. குழந்தைகளை மல்லாத்திக் கிடத்தும் வழக்கமுள்ள ஹாங்காங்கில் இம்மரணம் அரிது என்று 1985இல் டேவிஸ் எழுதினார். நெதர்லாந்து 1987இல் பழைய அறிவுரையைக் கைவிட்டது. பிரிட்டனின் ஏவன் பகுதியில் பீட்டர் ஃபிளெமிங் குழு, குப்புறக் கிடத்துவதோடு மிகையாகப் போர்த்துவதும் ஆபத்தென்று 1990இல் காட்டியது. நியூசிலாந்தின் தேசிய ஆய்வு குப்புறப் படுக்கை, தாயின் புகைப்பழக்கம், தாய்ப்பால் இன்மை ஆகிய மூன்றையும் மாற்றக்கூடிய காரணிகளாகக் குறித்தது. மகனை இழந்த தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆன் டயமண்ட் முன்னின்று, குழந்தைகளை மல்லாத்திக் கிடத்தச் சொன்ன பிரிட்டிஷ் பரப்புரை 1991 டிசம்பரில் தொடங்கியது. சில ஆண்டுகளில் மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின.

ஆனாலும் பழி தாயை விட்டு நீங்கவில்லை. இரு குழந்தைகளை இழந்த சாலி கிளார்க் 1999இல் இங்கிலாந்தில் கொலைக் குற்றவாளியாக்கப்பட்டார். ஒரே குடும்பத்தில் இப்படி இருமுறை நேர 7.3 கோடியில் ஒரு வாய்ப்பே உண்டு என்று குழந்தை மருத்துவர் ராய் மெடோ சாட்சி சொன்னார். இரு மரணங்களும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று கொண்டு போட்ட கணக்கு அது. ஒரே பெற்றோரின் மரபணுக்கள், ஒரே வீடு என்ற பொதுக் காரணங்களை அது புறக்கணித்தது. 2003இல் சாலி கிளார்க் விடுதலையானார்.

இன்றைய விளக்கம் 1994இல் ஃபிலியானோவும் கின்னியும் முன்வைத்த மும்முனை மாதிரியைச் சார்ந்தது: உள்ளூர நலிவுள்ள குழந்தை, இரண்டு முதல் நான்கு மாதம் வரையிலான நெருக்கடிப் பருவம், வெளியிலிருந்து வரும் அழுத்தம். இவை மூன்றும் ஒன்றுகூடும்போது மரணம் நேர்கிறது. குப்புறக் கிடக்கும் குழந்தை தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேர்கிறது. கரியமில வாயு ஏறுகிறது. மற்றக் குழந்தைகள் திணறி விழித்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நலிவுள்ள குழந்தை விழிப்பதில்லை. விழிப்பையும் மூச்சையும் ஆளும் மூளைத்தண்டில் செரடோனின் அமைப்பு பழுதுபட்டிருப்பதை, இறந்த சிசுக்கள் பலவற்றில் கின்னியின் பாஸ்டன் ஆய்வகம் கண்டது. கர்ப்பத்தில் தாய் புகைத்தால் சேரும் நிகோடினும் இந்த விழிப்பாற்றலைக் குலைக்கிறது.

செரடோனின் பழுதை இதுவரை இறந்த குழந்தையின் திசுவில்தான் அளந்திருக்கிறார்கள். தொட்டிலில் உறங்கும் குழந்தைகளில் எது நலிவுள்ளது என்று பிரித்துச் சொல்லும் சோதனை நடைமுறையில் இல்லை. ஆகவேதான் எல்லாக் குழந்தைகளையும் ஒரு வயதுவரை மல்லாத்தி, கெட்டியான விரிப்பில், தலையணையும் தளர்ந்த போர்வையும் இல்லாமல், பெற்றோரின் அறையிலேயே தனிப் படுக்கையில் கிடத்தச் சொல்கிறார்கள்.