சர்தனா மாதா திருக்கோயில்

தில்லியில் வாழும் தமிழ்மக்களாகிய நாம், ஆண்டுக்கொரு முறையேனும் பகீரத் பேலஸ் அங்காடிக்குச் செல்லாதிருப்பதில்லை. விழாப் பந்தலுக்கு வேண்டும் மின்விளக்குச் சரங்களை வாங்கச் சாந்தினி சௌக்கில் அதனினும் ஏற்ற இடம் வேறில்லை. கம்பிச் சுருள்களையும் விளக்குக் குவியல்களையும் விட்டுச் சற்றே நிமிர்ந்து நோக்குவோர்க்கு அங்கே சில பெருந்தூண்கள் தென்படும். அவை ஒரு காலத்தில் பேகம் சம்ரு என்னும் அரசியின் தில்லி மாளிகைக்கு உரியவை. அவ்வம்மையார் தம் ஆட்சியூரில் எடுப்பித்த மாதாகோயிலைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

மீரட் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், கரும்பு வயல்கள் சூழ அமைந்த சிறுநகரம் சர்தனா. அவ்வூரார் கோயிலைக் 'கிர்ஜா' என்பர். போர்த்துக்கீசியரின் 'இக்ரேஜா' என்ற சொல்லே வடநாட்டார் நாவில் அவ்வாறு திரிந்தது.

பேகம் சம்ருவின் வாழ்க்கை கதைகளை வெல்லும் கதை. இளமையில் ஆடல்மகளாக இருந்தவர். வால்டர் ரைன்ஹார்ட் என்ற ஐரோப்பியக் கூலிப்படைத் தலைவரின் வாழ்க்கைத் துணையானவர். 'சோம்பர்' என்ற அவருடைய பட்டப்பெயரே 'சம்ரு' என மருவிற்று. 1778-இல் அவர் ஆக்ராவில் இறந்தபின், படையும் சர்தனா ஜாகீரும் பேகத்தின் கைக்கு வந்தன. 1781-இல் அவர் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்று ஜொவன்னா எனப் பெயர் பூண்டார். முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலத்துக்கு இடுக்கண் வந்துற்ற காலத்தில் தம் படையுடன் சென்று துணைநின்றார். இவ்வீரச் செயல்களை விரித்தெழுதியோர் பலர். அவருடைய காதல்களை விரித்தெழுதியோர் அவரினும் பலர்! கோயிலை நின்று நிதானித்துப் பார்த்தவர்களோ மிகச் சிலர் என்பதே நமது குறை.

கோயிலை வகுத்தவர் அந்தோனியோ ரெகெல்லினி. பேகத்தின் படையில் அலுவல் பார்த்த இத்தாலியர். அவரது ஊர் விசென்சா. பதினாறாம் நூற்றாண்டின் பெருஞ்சிற்பி பல்லாடியோ எழுப்பிய மாளிகைகளால் புகழ்பெற்ற நகரம் அது. ஆதலின் அவர் கண்ணில் பதிந்திருந்த தூண்வரிசையே சர்தனாவின் முகப்பிலும் எழுந்ததில் வியப்பில்லை. பதினெட்டுப் பருத்த தூண்கள் முகமண்டபத்தைத் தாங்குகின்றன. கிரேக்க முறையில் டோரிக் எனப்படும் எளிய வகையின. பூவேலை, கொடிவேலை எதுவும் இல்லை. வெயிலில் நடந்து வருவோர் அந்நிழலில் காலடி வைத்ததும் உடல் குளிர்கிறது. அண்ணாந்து நோக்கினால், வானளாவும் கூர்ங்கோபுரங்கள் இரண்டும் அவற்றோடு பருத்த குவிமாடங்களும் காணலாம்.

உள்ளே சென்றால் காட்சி மாறுகிறது. பலிபீடம் வெண்சலவைக்கல், அதில் வண்ணக் கற்களை அறுத்து இழைத்துப் பூக்களாகப் பதித்திருக்கின்றனர். ஆம், தாஜ்மகாலில் நாம் கண்டு வியக்கும் அதே கல்பதிப்புக் கலைதான்! பீடத்துக்கு மேலே எண்கோண வாயில் ஒன்று விட்டு, அதன் வழியே பகலொளி இறங்கும்படி செய்துள்ளனர். ஐரோப்பியத் தூணும் முகலாயக் கல்பதிப்பும் ஒன்றாகா, இது கலப்படம் என்று உரைப்போர் உளர். நாம் அதற்கு உடன்படோம். பிறந்த சமயம் ஒன்று, தழுவிய சமயம் ஒன்று, பேசியது பாரசீகமும் இந்துஸ்தானியும், படைத்தலைவர்களோ ஐரோப்பியர். இத்தகைய ஒருவர் எடுப்பித்த கோயில் ஒரே முறையில் அமைந்திருந்தால் அதுவன்றோ பொய்யாகும்?

1822 என்ற ஆண்டு கோயிலின் கல்வெட்டில் உள்ளது. அருட்பொழிவு நிகழ்ந்தது 1829-இல். செலவு நான்கு இலட்சம் ரூபாய் என்பர். கட்டடத்துக்கு மண் எடுத்த பள்ளங்களே அருகில் ஏரிகளாக நிற்கின்றன. 1834-இல் போப்பாண்டவருக்கு விடுத்த மடலில், இந்தியாவிலுள்ள தேவாலயங்களுள் தம்முடையதே தலைசிறந்தது என்று பேகம் பெருமிதத்துடன் குறித்தார். அவ்வாண்டிலேயே சர்தனா தனி மறைவட்டமும் ஆயிற்று.

1836 சனவரி 27-இல் பேகம் மறைந்தார். ஜாகீர் அவர் ஆயுட்காலத்துக்கே உரியது என்று கும்பெனியார் அதனை எடுத்துக்கொண்டனர், படை கலைக்கப்பட்டது. வளர்ப்பு மகன் டைஸ் சோம்பர் இங்கிலாந்து சென்றார். 1841-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; மறு ஆண்டே அத்தேர்தல் செல்லாதென்றாயிற்று. 1843-இல் அவரைச் சித்தப்பிரமை உடையவரென அங்குள்ளோர் தீர்ப்பளித்தனர். 1851-இல் இலண்டனில் இறந்தார். அவரது உடல் பின்னர் சர்தனாவுக்கே கொண்டுவரப்பட்டது. அவர் செய்த நற்செயல் ஒன்றுண்டு. உரோமைச் சிற்பி அதாமோ ததோலினியைக் கொண்டு பேகத்துக்குச் சலவைக்கல் நினைவுச்சின்னம் அமைப்பித்தார். பதினொரு ஆளுயரச் சிலைகள் சூழ, உச்சியில் பேகம் அமர்ந்திருக்கிறார். கீழே நிற்போருள் கத்தோலிக்க ஆயர் ஒருவர், இந்து திவான் ஒருவர், முஸ்லிம் படைத்தலைவர் ஒருவர். அந்நாளைய சர்தனா முழுவதும் அக்கல்லில் கூடியிருக்கிறது.

1961-இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் இக்கோயிலைச் சிறிய பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார். மறு ஆண்டு, 1962-இல், அவரே நம் வேளாங்கண்ணிக்கும் அப்பேற்றை அளித்தார். கடலோர ஊர் ஒன்றும் கரும்பு வயல் நடுவே ஊர் ஒன்றும் இவ்வாறு ஒருதாய்ப் பிள்ளைகளாயின. வேளாங்கண்ணிக்கு இரண்டு இரவு ரயிலில் செல்லும் நம் குடும்பங்களுள், காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய சர்தனாவை அறியாதன பல.

நவம்பர்த் திங்கள் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அங்கே திருவிழா. சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து வருவோருள் கிறித்தவர் மட்டுமல்லர். இந்துக்களும் முஸ்லிம்களும் மெழுகுவர்த்தி ஏந்தி மாதாவின்முன் நிற்பர். சலவைக்கல் பேகத்தின் கையில் ஷா ஆலம் அளித்த ஜாகீர்ப் பட்டயம் சுருளாக இருக்கிறது. அதனை ஒருகணம் நோக்கிவிட்டு, வரிசை நகர நகர, அவர்களும் பலிபீடத்தை நோக்கி நடக்கின்றனர்.